உப்பு எங்கே போயிற்று?

ஒரு குவளை நீரில் ஒரு சிட்டிகை உப்பை இட்டுக் கலக்கினால், சிறிது நேரத்தில் உப்பு கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றது. அது அழிந்துவிடவில்லை என்பதற்கு நமது நாவே சாட்சி. அடுக்களையில் அன்றாடம் நிகழும் இச்செயலைக் குறித்துச் சிந்திப்போர் சிலரே. கலைப் பாடங்களைப் பயின்று, மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாமும் கும்பளங்கிக்குச் சென்று வரும்வரை இதைப்பற்றிச் சிந்தித்ததில்லை.

கொச்சிக்கு அருகே உப்பங்கழிகள் சூழ அமைந்த சிற்றூர் கும்பளங்கி. அங்குள்ள சீன வலைகளைக் காண வருவோர் பலர். நாம் கூற விழைவது அவ்வலைகளுக்கு அப்பால் கிடக்கும் பொக்காளி வயல்களைப் பற்றியே. இவ்வயல்களுக்கும் கழிக்கும் இடையே வரப்பும் மதகும் உண்டு. கார்த்திகை முதல் பங்குனி வரை கடலோதம் உள்ளே புக, வயல் இறால் பண்ணையாகின்றது. மண்ணும் உப்பில் ஊறிவிடுகின்றது. சித்திரையில் நீரை வடித்து, மண்ணை உலரவிட்டுச் சிறுசிறு மேடுகளாகக் குவிக்கின்றனர். பிறகு எல்லாரும் வானத்தை நோக்குகின்றனர். வைகாசி நடுவில் தொடங்கும் மழை மேடுகளைக் கழுவிய பின்னரே முளைகட்டிய விதை அவற்றின்மீது விழும்.

மழை உப்பை எவ்வாறு கழுவுகின்றது? உப்புக் கல்லானது சோடியம், குளோரின் என்னும் இருவகை அயனிகள் ஒழுங்காக அடுக்கப்பெற்ற ஒரு கட்டடம். முன்னது நேர்மின்னேற்றமும் பின்னது எதிர்மின்னேற்றமும் உடையவை. ஒன்றையொன்று ஈர்த்து நிற்பவை. நீரின் மூலக்கூறோ ஒருபுறம் சிறிது நேர்மின்தன்மையும் மறுபுறம் சிறிது எதிர்மின்தன்மையும் வாய்ந்தது. ஆகவே நீர் மூலக்கூறுகள் கல்லின் விளிம்பிலுள்ள அயனிகளைத் தம்பால் இழுத்து, ஒவ்வொன்றையும் சூழ்ந்துகொண்டு கொண்டுசெல்கின்றன. உப்பு கரைபொருள், நீர் கரைப்பான், இரண்டும் ஒருசீராகக் கலந்த நிலையே கரைசல். ஸ்வீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ் 1884இல் அளித்த ஆய்வேட்டில் இக்கருத்துக்கு அடிகோலியபோது, அவருடைய பல்கலைக்கழகம் அதற்குத் தாழ்ந்த தரமே வழங்கிற்று. 1903இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது!

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் கூறிவிடுதல் நன்று. 'சர்க்கரை நீரில் உருகிற்று' என்று சிலர் எழுதுகின்றனர். உருகுதல் வெப்பத்தின் வேலை. அதற்கு இரண்டாவது பொருள் வேண்டியதில்லை. கரைதலுக்கோ கரைப்பான் இன்றியமையாதது. மலையாளத்திலும் உருகுதல் வேறு, அலிதல் வேறு. பெயர்ப்பாளர் இதில் தவறினால் பாடம் முழுவதும் தவறிவிடும். சேறு கலங்கிய நீரும் கரைசலன்று. துணியில் வடித்தால் சேறு தங்கிவிடும், உப்பு தங்காது.

கரைதலுக்கு ஓர் எல்லை உண்டு. 25 டிகிரி சென்டிகிரேடில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பையே ஏற்கும். அதற்குமேல் எவ்வளவு கலக்கினாலும் உப்பு அடியில் தங்கும். கலக்குதல் கரைதலை விரைவாக்குமேயன்றி எல்லையை உயர்த்தாது. கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராமே உப்பு உள்ளது. அந்த எல்லையின் பத்தில் ஒரு பங்கு அளவு எனலாம். ஆகலின் வயல் மண்ணிலுள்ள உப்பு எளிதாகக் கரைந்துவிடும். கடினமான வேலை யாதெனில், உண்டான கரைசலை வெளியேற்றுவதே.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் நான்கு லிட்டர் மழைநீரை ஒரேயடியாக ஊற்றினால், லிட்டருக்கு 7 கிராம் உப்பு இருக்கும். அதே மழைநீரை ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, கலந்தபின் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டரை வடித்துவிட்டால், எஞ்சிய நீரில் 2 கிராமுக்குச் சற்று மேற்பட்ட உப்பே மிஞ்சும். நீர் ஒன்றே, விளைவு வேறு. லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் உப்பிலேயே சாதாரண நெல் வாடத் தொடங்குகின்றது. உப்பு மிகுந்த கரைசலிலிருந்து வேர் நீரை உறிஞ்ச இயலாமையே காரணம். பொக்காளி அதனினும் மிகுதியைத் தாங்கும். அப்பண்பு கருதியே ஆராய்ச்சியாளர் அதனைப் பிற நெல்வகைகளோடு கலப்புச் செய்துள்ளனர். எனினும் இளநாற்றுக்கு உவர் ஆகாது. மேடு எதற்கு, வற்றத்தின்போது மதகைத் திறப்பது எதற்கு என்பது இப்போது விளங்கும். ஒவ்வொரு மழையும் மேட்டினூடே இறங்கி, உப்பைச் சுமந்து, வற்றத்தோடு கழிக்குச் செல்கின்றது. மழை தாமதித்தால் விதைப்பும் தாமதிக்கும். பெய்து இடையில் நின்றுவிட்டால், நீர் ஆவியாக, கீழிருந்த உப்பு மீண்டும் மேலேறி முளையைக் கருக்கும்.

வாயுக்களும் நீரில் கரைவனவே. வயலின் இறால் சுவாசிப்பது கரைந்த பிராணவாயுவை. 30 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து ஏற்பது சுமார் 7½ மில்லிகிராமே. கடல்நீரில் அது இன்னும் குறைவு. வெப்பம் ஏற ஏற வாயுவின் கரைதிறன் குறையும்.

வயலில் வரவேற்கப்படும் ஓதம் வீட்டினுள் புகுந்தால் கதை வேறு. அண்மைக் காலத்தில் கும்பளங்கியின் தாழ்ந்த பகுதிகளில் உயர் ஓதத்தின்போது உவர்நீர் முற்றங்களிலும் அறைகளிலும் ஏறி நிற்கின்றது. சில மணி நேரத்தில் நீர் வடிந்துவிடும். ஆயினும் செங்கல்லின் நுண்துளைகள் கரைசலைப் பருகிவிடுகின்றன. வெயிலில் நீர் மட்டும் ஆவியாகிச் செல்ல, உப்பு துளைகளுக்குள்ளேயே படிகமாக வளர்ந்து சுற்றிலும் நெருக்குகின்றது. சுவரில் வெண்மை பூக்கின்றது. பூச்சு பொரிந்து உதிர்கின்றது. மேலே புதிய சாந்து பூசினால் உப்பு அதனுள்ளும் ஏறும். நன்னீரில் குழைத்த களிமண்ணைச் சுவரில் அப்பி உலரவிட்டால், உப்பின் ஒரு பகுதி கரைந்து அக்களிமண்ணுக்குள் வந்து சேரும். அதைப் பெயர்த்து எறிந்து, மறுபடி அப்ப வேண்டும். வயலில் மழை செய்யும் வேலையைச் சுவரில் மனிதன் தன் கையால் செய்கின்றான், அடுத்த ஓதம் வரும் வரை.