நாய் வளர்க்க ஆசையா? பூனையையும் கேளுங்கள்!

குழந்தைகளே...

இரண்டு பேர் எப்போது பார்த்தாலும் சண்டை போட்டால், 'நாயும் பூனையும் போல் இருக்கின்றனர்' என்று சொல்வோம். ஆனால், நாயும் பூனையும் ஒரே சாக்கில் படுத்து உறங்கும் வீடுகளும் நிறைய உண்டு. அந்த நட்பு தானாக வந்து விடாது. எந்த நாயைத் தேர்ந்தெடுக்கிறோம், எப்படிப் பழக்குகிறோம் என்பதில் தான் எல்லாம் இருக்கிறது.

பலர் அழகைப் பார்த்தே நாய் வாங்குகின்றனர். 2003ம் ஆண்டு, ஒரு மொபைல் போன் விளம்பரத்தில், சிறுவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனது ஒரு பக் நாய். உடனே, பல வீடுகளில் அதே நாய் வேண்டும் என்ற ஆசை வந்தது. பக் சாதுவானது தான், பூனையுடனும் பழகும். ஆனால், அதற்குத் தட்டை முகம், குட்டை மூக்கு. நம் ஊர் வெயிலில் மூச்சு விடத் திணறும். இதையெல்லாம் தெரிந்து கொள்ளாமல் வாங்கி, சமாளிக்க முடியாமல், தெருவில் கொண்டு போய் விடுவோரும் உண்டு. வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய், தெருவில் என்ன பாடுபடும்!

எனவே, அழகைப் பார்க்கும் முன், ஒரு கேள்வி கேளுங்கள். 'இந்த நாயை, முன்னோர் எந்த வேலைக்காக வளர்த்தனர்?' அதன் குணம் பெரும்பாலும் அந்த பதிலில் இருக்கும்.

சிப்பிப்பாறை, கன்னி: தென் மாவட்டங்களின் பெருமைக்குரிய வேட்டை நாய்கள். மெலிந்த உடல், நீண்ட கால்கள். முயலை விரட்டிப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. வீட்டில் அமைதியாகத் தான் இருக்கும். ஆனால், சிறிய பிராணி எதுவும் கண்ணெதிரே ஓடினால், அடுத்த நொடி பாய்ந்து விடும். ஓடுவது முயலா, நம் வீட்டுப் பூனையா என்று யோசிக்காது.

ராஜபாளையம்: பால் போன்ற வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. 2005ல், இந்திய தபால் துறை, நான்கு நாய் இனங்களுக்கு தபால் தலை வெளியிட்டது. அதில் இதுவும் ஒன்று. வேட்டைக்கும், காவலுக்கும் பெயர் பெற்றது. வீட்டாரிடம் பாசமாக இருக்கும், அந்நியரைச் சந்தேகிக்கும். தினமும் நண்பர்கள் விளையாட வரும் வீட்டிற்கும், பூனை இருக்கும் வீட்டிற்கும், நன்றாக யோசித்துத் தான் வாங்க வேண்டும்.

ஹஸ்கி: பனிப் பிரதேசத்தில் சறுக்கு வண்டி இழுக்கும் நாய். அடர்ந்த ரோமம் கொண்டது. நம் வெயிலில் வளர்ப்பது அதற்குத் தண்டனை. சிறு பிராணிகளை விரட்டும் குணமும் அதிகம்.

லாப்ரடார்: கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில், மீனவர்களுக்கு உதவிய நாய்களின் வம்சம். பின், இங்கிலாந்தில், சுடப்பட்ட வாத்துகளைச் சேதமின்றி வாயில் கவ்வி வரப் பழக்கினர். மனிதரோடு சேர்ந்து வேலை செய்து பழகியதால், குழந்தைகளிடமும், பூனைகளிடமும் எளிதில் ஒட்டிக் கொள்ளும். ஆனால், 30 கிலோ எடைக்கு மேலும் வளரும். துள்ளிக் குதித்து தம்பி, தங்கையைக் கீழே தள்ளி விடும். தினமும் நடைப்பயிற்சி தேவை. இல்லையேல் குண்டாகி விடும்.

ஸ்பிட்ஸ்: 'பொமரேனியன்' என்று நாம் அழைக்கும் வெள்ளை நாய்களில் பல, உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். சிறிய வீட்டிற்கு ஏற்றது, அதிகம் குரைக்கும். சின்னக் குழந்தைகள் இறுக்கிப் பிடித்தால், வலியில் கடித்து விடலாம்.

நாட்டு நாய்: நம் வெயிலுக்கும், மழைக்கும் பழகியது, செலவும் குறைவு. ஒவ்வொன்றின் குணமும் ஒரு விதமாக இருக்கும். விலங்குகள் காப்பகத்தில் இருந்து வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால், ஒரு நன்மை உண்டு. 'இது பூனையைப் பார்த்தால் என்ன செய்யும்?' என்று அங்குள்ளவர்களிடமே கேட்டு விடலாம்.

ஆனால், இனத்தை மட்டும் நம்பக் கூடாது. சாதுவான இனத்திலும் முரட்டு நாய் உண்டு. வேட்டை இனத்திலும் பூனையோடு பழகியது உண்டு. பிறந்த 3வது வாரம் முதல், 14வது வாரம் வரை, குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ, அதையெல்லாம் தன் உலகமாக ஏற்றுக் கொள்ளும். அந்த வயதில் பூனையைப் பார்த்து வளர்ந்த குட்டி, பெரும்பாலும் பூனையை விரட்டாது. அதற்காக, மிகவும் சின்னக் குட்டியை வாங்கி விடாதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று, 2017ல் மத்திய அரசு விதி கொண்டு வந்துள்ளது. அதுவரை, தாயிடம் கற்க நிறைய இருக்கிறது.

வால் சொல்லும் சேதி

நாயும் பூனையும் சண்டை போட, மொழிக் குழப்பமும் ஒரு காரணம். நாய் தளர்வாக வாலை ஆட்டினால், 'மகிழ்ச்சி' என்று அர்த்தம். பூனை வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டினால், 'கிட்டே வராதே' என்று அர்த்தம். நாய், முன்னங்கால்களை நீட்டிக் குனிந்து, 'விளையாட வா' என்று அழைக்கும். பூனைக்கோ, அது பாயப் போவது போல் தோன்றும். பயந்து ஓடும், ஓடுவதைப் பார்த்ததும் நாய் விரட்டும். அவ்வளவு தான், பகை ஆரம்பம்!

இதைத் தடுக்க வழி இருக்கிறது. முதல் சில நாட்கள், இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள். ஒன்று படுத்த துணியை மற்றொன்றின் அருகில் போட்டால், வாசனை பழகி விடும். பின், நாயைக் கயிற்றில் பிடித்தபடி, தூரத்தில் இருந்து பார்க்க விடுங்கள். நாய் அமைதியாக இருந்தால், தின்பண்டம் கொடுத்துப் பாராட்டுங்கள். பூனை ஏறித் தப்பிக்க, அலமாரி போன்ற உயரமான இடம் வேண்டும். அதன் சாப்பாட்டுத் தட்டையும் உயரத்தில் வையுங்கள். நன்றாகப் பழகும் வரை, இரண்டையும் தனியே விடக் கூடாது. இதற்குச் சில வாரங்கள் ஆகும், பொறுமை தேவை.

உங்களுக்கும் சில விதிகள்!

நாய் சாப்பிடும் போதும், தூங்கும் போதும் தொடாதீர்கள். கழுத்தைக் கட்டிப் பிடிக்காதீர்கள். உறுமினால் அடிக்காமல், மெதுவாக விலகி வாருங்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று அது சொல்லும் வழி தான் உறுமல்.

நாய்க்கும், பூனைக்கும், மூன்று மாத வயதில் இருந்து, கால்நடை மருத்துவர் சொல்லும் நாட்களில், ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். நாயோ, பூனையோ கடித்தாலும், பிறாண்டினாலும், சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். திட்டுவரோ என்று பயந்து மறைக்கவே கூடாது. ரேபிஸ் நோய் வந்து விட்டால் உயிர் பிழைப்பது மிகவும் அரிது. உடனே சிகிச்சை எடுத்து, தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டால், நோயே வராமல் தடுக்கலாம். அரசு மருத்துவமனையில், இந்த ஊசியை இலவசமாகப் போடுகின்றனர்.

இந்த வார வீட்டுப்பாடம்

அம்மா, அப்பாவுடன் உட்கார்ந்து, ஒரு தாளில் பதில் எழுதுங்கள்.

1. பரீட்சை நேரத்தில், நாயை நடக்க அழைத்துப் போவது யார்?
2. மலத்தை அள்ளிச் சுத்தம் செய்வது யார்?
3. உணவுக்கும், ஊசிக்கும் பணம் ஒதுக்க முடியுமா?
4. ஊருக்குப் போனால் பார்த்துக் கொள்வது யார்?
5. பூனைக்கென்று தனி இடம் இருக்கிறதா?

நாய், 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும். இன்று, 10 வயதில் இருக்கும் நீங்கள், கல்லூரி முடிக்கும் வரை அது உங்களோடு இருக்கும். ஐந்து கேள்விகளுக்கும் பதில் இருந்தால், தாராளமாக நாயைத் தேடுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், கொஞ்ச காலம் காத்திருங்கள். அதுவரை, மாலையில் வாசலுக்கு வரும் தெரு நாய்க்கும், வீட்டுப் பூனைக்கும், ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள், செல்லங்களே!