கண்ணாடி கழுவும் தொழில்: கம்பை வாங்க முன்னர் ஜெட்டைப் பாருங்கள்

கொழும்பிலும் கண்டியிலும் புதிதாக எழும் கடைகளைப் பாருங்கள். முகப்பு முழுவதும் கண்ணாடி. கட்டி முடித்த முதலாளிக்கு ஆறு மாதத்தில் ஒரு தலையிடி தொடங்குகிறது. கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்று, புறக்கோட்டைப் பக்கம் என்றால் வாகனப் புகை. மூன்றாம் மாடிக் கண்ணாடியை யார் கழுவுவது?

நான் அலுமினியமும் கண்ணாடியும் பொருத்தும் சிறிய கடை வைத்திருந்தேன். பொருத்திக் கொடுத்த இடங்களிலிருந்தே கழுவித் தரும்படியும் அழைப்பு வந்தது. அப்படித்தான் இத்தொழிலில் கால் வைத்தேன். இன்று இதில் இறங்க விரும்பும் சகோதரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கம்பு நல்லது, என்ன விலை?" என்பதைத்தான். நானும் அப்படிக் கேட்டுத்தான் தொடங்கினேன். அதனால் ஒரு நல்ல ஒப்பந்தத்தை இழந்தேன். அந்த அனுபவத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுள்ளதாக இருக்கும் என நினைக்கிறேன்.

தரையில் நின்று கழுவும் முறை

ஏணியும் ரப்பர் வைப்பரும் பழைய முறை. இப்போது மேல் மாடிகளுக்குப் பாவிப்பது நீர் ஓடும் நீண்ட கம்பு. கம்பின் நுனியில் பிரஷ், பிரஷில் ஜெட் எனப்படும் சிறு குழல்வாய்கள். உப்பும் சுண்ணாம்பும் நீக்கிய சுத்த நீர் குழாய் வழியாக ஏறி ஜெட்டால் பாய்கிறது. பிரஷால் தேய்த்து, அதே நீரால் அலசி விட்டுவிட வேண்டியதுதான். துடைக்கத் தேவையில்லை. நீரில் எதுவும் கரைந்திருக்காததால் காய்ந்த பின் புள்ளி விழாது. பிரித்தானியாவில் உயரத்தில் வேலை செய்வது பற்றிய ஒழுங்குவிதிகள் 2005இல் வந்த பின்னர் இம்முறை அங்கு வேகமாகப் பரவியது. ஆள் மேலே ஏறாததால் விழும் ஆபத்தும் இல்லை.

நட்டம் தந்த பாடம்

மூன்று மாடி உடுபுடவைக் கடையொன்றின் மாதாந்த வேலை எனக்குக் கிடைத்தது. நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. இருந்த பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து காபன் ஃபைபர் கம்புகள் இரண்டு தருவித்திருந்தேன். பெரிய பிரஷ், ஒவ்வொன்றிலும் நான்கு ஜெட். நான்கு இருந்தால் இரண்டை விட நல்லதுதானே என்று நினைத்தேன்.

முதல் நாள் கழுவிவிட்டு வந்தோம். மறுநாள் காலை முகாமையாளர் அழைத்தார். வெயில் பட்டதும் மேல் மாடிக் கண்ணாடி முழுவதும் வெள்ளைப் புள்ளி. மன்னிப்புக் கேட்டு மீண்டும் கழுவினோம். மீண்டும் புள்ளி. நீரில்தான் பிழை என்று முடிவு செய்து, வடிகட்டியில் இருந்த ரெசின் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். அது சிறிய செலவல்ல. இத்தனைக்கும் மீற்றர் முன்னரே பூச்சியம்தான் காட்டியது.

மூன்றாம் முறையும் அதே கதை. அப்போது என்னிடம் வேலை செய்த ஒரு பையன் சொன்னான்: "நானா, கீழ் மாடியில புள்ளி இல்லையே. மேலதானே இருக்கு. தண்ணி ரெண்டுக்கும் ஒண்டுதானே?"

அந்தக் கேள்வி எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். நீர் ஒன்றுதான், மேலே போனதும் அது பாயவில்லை, வடிந்தது. தேய்த்த அழுக்கை அலசி இறக்கும் வேகம் அதற்கு இல்லை. அழுக்கு நீர் கண்ணாடியிலேயே காய்ந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. பெருநாள் வியாபாரத்திற்கு முகப்பு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக முகாமையாளர் வேறு ஆட்களை எடுத்துவிட்டார். நான்கு பையன்களின் பெருநாள் சம்பளத்தை நான் கடன் வாங்கித்தான் கொடுத்தேன்.

துளையின் கணக்கு

இது எளிய கணக்கு. நீரை 10 மீற்றர் உயர்த்துவதற்கே ஏறத்தாழ 1 பார், அதாவது 14.5 பிஎஸ்ஐ அழுத்தம் செலவாகிறது. நீண்ட, ஒடுங்கிய குழாயில் இன்னும் குறையும். என்னிடம் இருந்தது ஒரே 12 வோல்ட் பம்ப். அதிலிருந்து இரண்டு கம்புகளுக்கு நீர் பிரிந்தது. ஒரு கம்புக்கு நிமிடத்திற்குச் சுமார் 2 லீற்றர்தான் வந்தது.

எனது ஜெட்டுகளின் துளை 2 மில்லிமீற்றர். அப்படி நான்கு. துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். 2 மில்லிமீற்றர் துளைகள் நான்கின் மொத்தப் பரப்பு, 1.4 மில்லிமீற்றர் துளைகள் இரண்டின் பரப்பைப் போல் நான்கு மடங்கு. அதே நீர் சிறிய துளைகள் இரண்டினால் போனால் நான்கு மடங்கு வேகத்தில் பாயும். இரண்டு ஜெட்டை அடைத்து, மற்ற இரண்டையும் சிறிய துளையாக மாற்றினேன். மூன்றாம் மாடியில் நீர் பாய்ந்தது. கம்புகளுக்குக் கொடுத்த விலையோடு பார்த்தால் ஜெட்டின் விலை ஒன்றுமே இல்லை.

ஆகவே ஜெட்டை பம்புக்கும் உயரத்துக்கும் பொருத்தமாகத் தெரிவு செய்யுங்கள். நீர் தாராளமாக வரும் இடத்தில் நான்கு ஜெட் வேலையை விரைவாக்கும். முதுகில் சுமக்கும் 20 லீற்றர் தாங்கியென்றால் நிமிடத்திற்கு 2 லீற்றர் விட்டால் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு இரண்டு சிறிய ஜெட்டே போதும்.

கண்ணாடியின் குணம்

ஜெட்டில் முக்கியமாக இரண்டு வகை. பென்சில் ஜெட் ஒரே கோடாகப் பாயும். ஃபேன் ஜெட் விசிறி போல் விரியும். எது நல்லது என்பதைக் கண்ணாடிதான் சொல்லும். கண்ணாடியில் சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். நீர் திரைபோல் பரவி இறங்கினால் பென்சில் ஜெட் போதும். அடித்த நீர் தானே பரந்து முழுக் கண்ணாடியையும் அலசிவிடும். நீர் சேம்பிலையில் போல் முத்து முத்தாக நின்றால் பென்சில் ஜெட்டின் நீர் ஒடுங்கிய தடமாக ஓடி, பக்கங்களை விட்டுவிடும். அங்கே விரியும் ஜெட் தேவை, அல்லது பிரஷைக் கண்ணாடியில் வைத்தபடியே மெதுவாக அலசி இறக்க வேண்டும்.

ஃபேன் ஜெட்டுக்கு ஒரு குறையும் உண்டு. காற்றடிக்கும் இடத்தில் நீரைத் தூறலாகப் பறக்கவிடும். கடற்கரையோரக் கட்டடங்களில் இதைக் கவனியுங்கள். எந்த ஜெட் ஆனாலும் மேலிருந்து கீழாகவே கழுவுங்கள். முதல் முறை கழுவும் கட்டடத்தில் சட்டகத்தில் தங்கிய அழுக்கும் வடியும் என்பதால் இரண்டு முறை கழுவ வேண்டும். அதையும் விலையில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

நீரைப் பரிசோதியுங்கள்

நீரில் கரைந்துள்ள பொருட்களை அளக்கும் டீ.டீ.எஸ். மீற்றர் கையடக்கமானது, மலிவானது. முதலில் வாங்க வேண்டியது அதைத்தான். கொழும்புக்குக் குழாய் நீர் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்தும் வருகிறது. இது பொதுவாக மென்மையான நீர். ரெசின் வடிகட்டி மட்டுமே போதும். புத்தளம், கற்பிட்டி, மன்னார், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்பு நில ஊர்களில் கிணற்று நீர் கடினமானது. மீற்றர் 30 காட்டும் நீருக்கு ஒரு மாதம் வரும் ரெசின், 300 காட்டும் நீருக்கு மூன்று நாள்தான் வரும். அங்கே அனுராதபுரப் பக்கம் குடிநீருக்குப் பாவிப்பது போன்ற ஆர்.ஓ. இயந்திரத்தை முதலில் வைத்து, அதன் பின் ரெசினை வைக்க வேண்டும். ஆர்.ஓ. சவ்வைக் குளோரின் கெடுக்கும் என்பதால் முன்னால் காபன் வடிகட்டி அவசியம். கழிவாகப் போகும் நீரையும் கணக்கில் எடுங்கள்.

பிரஷில் ஒரு எச்சரிக்கை

நைலோன் மயிர் பிரஷ் பாரமற்றது, மாதாந்த வேலைக்குப் போதுமானது. பறவை எச்சம், நாட்பட்ட அழுக்கு என்றால் கடினமான மயிர் தேவைப்படும். இங்கே எமது சகோதரர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பெயின்ட் பிரஷில் போலவே கண்ணாடி கழுவும் பிரஷ்களிலும் பன்றி மயிரால் செய்தவை உண்டு. நைலோனோடு கலந்ததும் உண்டு. பெட்டியில் "நேச்சுரல்" என்று மட்டும் போட்டிருக்கலாம்.

நான் அப்படி ஒன்றை அறியாமல் வாங்கிவிட்டேன். ஒரு பள்ளிவாசலின் மேல் யன்னல்களைக் கழுவ நாளும் குறித்திருந்தோம். ஏதோ சந்தேகத்தில் விற்றவரிடம் எழுதிக் கேட்டபோதுதான் பன்றி மயிர் என்று பதில் வந்தது. அந்தப் பிரஷை ஒதுக்கிவிட்டு நைலோன் பிரஷோடு போனோம், அல்ஹம்துலில்லாஹ். வாங்க முன்னர் எழுத்தில் கேட்பதற்குச் செலவில்லை. உங்கள் பையன்களின் கையிலும் வாடிக்கையாளரின் வீட்டுச் சுவரிலும் படும் நீர் இது.

கம்பும் மின்கம்பியும்

ஃபைபர்கிளாஸ் கம்பு மலிவு, ஆனால் பாரம் கூட, நீட்டினால் வளையும். இரண்டு மாடிக்குத் தாராளமாகப் போதும். காபன் கம்பு இலேசானது, விறைப்பானது, மூன்று நான்கு மாடிக்கு ஏற்றது. ஆனால் காபன் மின்சாரத்தைக் கடத்தும். எமது நகரங்களில் கடை முகப்புக்கு எதிரேயே உறையில்லாத மின்கம்பிகள் ஓடுகின்றன. அவற்றில் 11,000, 33,000 வோல்ட் கம்பிகளும் உண்டு. நனைந்த ஃபைபர்கிளாஸையும் நம்ப முடியாது. கம்பி அருகே இருக்கும் வேலையை நான் ஏற்பதே இல்லை. எவ்வளவு தந்தாலும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது.

வாங்கும் ஒழுங்கு

எனது ஆலோசனை இதுதான். முதலில் மீற்றர், அதன்படி வடிகட்டி. அடுத்து பம்ப், அதற்கேற்ற ஜெட். அதன் பின் பிரஷ். கடைசியாகத்தான் கம்பு, அதுவும் கையில் உள்ள வேலையின் உயரத்துக்கு மட்டும். குழாய் இணைப்புகள் வாங்கும்போது சொல்லப்படும் அளவு உள் விட்டமா, வெளி விட்டமா என்று கேளுங்கள். ஜெட்டும் இணைப்பும் மேலதிகமாக நாலைந்து வைத்திருங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, உதிரிப்பாகம் இல்லாமல் ஒரு கம்பு மாதக்கணக்கில் என் கடை மூலையில் கிடந்தது. லொறியில் 400 லீற்றர் தாங்கி வைப்பதென்றால் நீர் மட்டும் 400 கிலோ என்பதை மறக்காமல் இறுக்கிக் கட்டுங்கள்.

இழந்த அந்த ஒப்பந்தம் எனக்குத் திரும்பிக் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த வேலையில் முதல் நாள் ஒரேயொரு மேல் மாடிக் கண்ணாடியை மட்டும் கழுவி, அது வெயிலில் காயும் வரை முதலாளியோடு நின்று தேநீர் குடித்தேன். புள்ளி விழவில்லை என்று அவரே பார்த்த பின்னர்தான் விலை பேசினேன். இன்றும் அப்படித்தான் செய்கிறேன். நீங்களும் முதலீடு செய்ய முன்னர் ஒரு கண்ணாடியில் பரீட்சித்துப் பாருங்கள், பணத்தை எதில் போடுவது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.