கல்யாணத்துக்கு முன் வேக்சிங்: தோல் உரியாமல் இருக்க பார்லரில் என்ன கேட்கணும்?

முகூர்த்த நாள் நெருங்கினாலே பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பார்லர்களில் வேக்சிங்குக்கு ஆள் வந்துவிடும். ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே வேக்ஸ் போட்டால், மேடையில் சிவந்த முகத்தோடுதான் நிற்கணும்.

எந்த இடத்துக்கு எந்த வேக்ஸ்?

கை, காலுக்கு ஸ்ட்ரிப் ஒட்டி இழுக்கும் சாஃப்ட் வேக்ஸ் போதும். இது தோலையும் சேர்த்துப் பிடிக்கும். அதனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட விடாதீங்க. அக்குள், மேல் உதட்டுக்கு ஹார்ட் வேக்ஸ் நல்லது. ஸ்ட்ரிப் வேண்டாம், ஆறி கெட்டியானதும் அப்படியே உரித்து எடுப்பார்கள். தோலை அதிகம் இழுக்காது.

நெல்லை வெயிலில் என்ன சிக்கல்?

வியர்வை ஈரம் இருந்தால் வேக்ஸ் சரியாக ஒட்டாது. துடைத்து, பவுடர் போட்ட பிறகே தடவணும்.

ஸ்ட்ரிப்பில் என்ன கவனிக்கணும்?

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஸ்ட்ரிப்தான் பாதுகாப்பு. உடம்பில் பட்ட குச்சியை மறுபடி வேக்ஸ் டப்பாவில் விட்டால், ஒருவரின் கிருமி அடுத்தவருக்குப் போகும்.

யார் தவிர்க்கணும்?

பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை நிறுத்தி 6 மாதம் வரை வேக்சிங் செய்யக்கூடாது. ரெட்டினாய்டு கிரீம் போடுபவர்கள் டாக்டரிடம் கேளுங்க. சில வேக்ஸில் உள்ள பைன் மரப்பிசின் அலர்ஜி தரலாம். முதல் நாளே சிறிய இடத்தில் தடவிப் பாருங்க.

வேக்சிங் முடிந்து 24 மணி நேரத்துக்கு வெந்நீர் வேண்டாம். தாமிரபரணிக் குளியலும் மறுநாள்தான்!