பூக்கூடைக்குப் பக்கத்தில் ஒரு கணக்கு நோட்டு



அறவியல் பாடம் என்றால் கட்டுப்பாடு இழந்து வரும் ரயிலும் தண்டவாளத்தில் நிற்கும் ஐந்து பேரும்தான் நினைவுக்கு வருவார்கள். அந்த ஐந்து பேர் எந்தத் தெருக்காரர்கள், தண்டவாளத்துக்கு ஏன் வந்தார்கள் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. இன்று வேறோர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்.

மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெருவுக்குள் நுழையும் இடம். இரவு எட்டரை மணி. ஒரு பெண் பூ விற்கிறார். பக்கத்தில் ஒன்பது வயது மகள். மடியில் கணக்கு நோட்டு திறந்திருக்கிறது. கை பூ கட்டுகிறது. 1098க்கு அழைக்கலாமா என்று யோசித்தபடி நின்றேன். அழைத்தால் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்துவார்கள். சில நாள் இல்லத்தில் வைக்கவும் நேரலாம். அழைக்காவிட்டால் எல்லாரையும்போல நானும் பூ வாங்கிக்கொண்டு போகிறவள். தாயிடமே பேச்சுக் கொடுத்தேன். "ஏன்க்கா, கண்ணகி நகர்ல இவள தனியா வுட்டுட்டு வரட்டா? நீ வந்து பாத்துக்கிறியா?" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. ஆனால், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் 'உதவலாம்'. அந்த உதவியும் இரவு 7 மணிக்குமேல் கூடாது என்கின்றன 2017 விதிகள். ஆறரைக்கு அவள் மகள். எட்டரைக்குக் குழந்தைத் தொழிலாளி.

பெந்தாமின் பயன்முதல்வாதத்தை இங்கே வைத்துப் பாருங்கள். அதிகமானோருக்கு அதிக நன்மை என்பது அதன் அளவுகோல். இல்லத்துக்கு அனுப்பினால் தாய்க்கும் மகளுக்கும் துயரம், வருமான இழப்பு. விட்டுவிட்டால் தூக்கமும் படிப்பும் போகும். கூட்டிக் கழித்தால் 'விட்டுவிடு' என்றே வரக்கூடும். காண்ட், மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்கிறார். மகளைத் தாய் கருவியாக்குகிறார் என்று தீர்ப்பெழுதுவது எளிது. ஆனால் தாய் அவளை அழைத்து வருவது காவலுக்காக. பூ கட்டுவது வந்த இடத்தில் சேர்ந்துகொண்டது. இதைப் பார்க்க கரோல் கில்லிகன் 1982இல் முன்வைத்த அக்கறையின் அறம் உதவுகிறது. விதியைவிட உறவை முதலில் பார் என்பது அது. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு: அக்கறை என்றதும் முழுச் சுமையும் அம்மாவின் தலையில்தான் இறங்குகிறது.

மூன்றுமே ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: வழியில் போகிறவரும் தாயும் என்ன செய்ய வேண்டும்? இந்த இரண்டு வழிகளை மட்டும் அந்தத் தாய்க்கு மிச்சம் வைத்தது யார் என்பது கேள்வியிலேயே இல்லை.

இந்தத் தியாகராய நகரிலேயே அதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜி, 1953இல் முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். பிள்ளைகள் இரண்டு பிரிவாக வருவார்கள். மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள். அதே கட்டடம், அதே ஆசிரியர், இரு மடங்கு பிள்ளைகள். வெறும் பயன்முதல்வாதக் கணக்காகப் பார்த்தால் இதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேரிப் பிள்ளை மீதிப் பொழுதில் எதைக் கற்கும்? பண்ணையில் கூலி வேலையையும் செத்த மாடு தூக்குவதையும். தலைகளை எண்ணிய கணக்கு, அரைநாள் என்பது எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல என்பதை எண்ணவில்லை. ஜான் ரால்ஸ் சொன்ன அறியாமைத் திரைக்குப் பின்னால் நின்று, எந்த வீட்டில் பிறப்போம் என்று தெரியாமல் யார் இதற்குக் கையெழுத்துப் போடுவார்? ரால்ஸின் நூல் வந்தது 1971இல். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே போராடியவர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். 'குலக்கல்வி' என்று பெயரும் வைத்தார்கள்.

1954 ஏப்ரலில் முதல்வரான காமராசர் அந்த ஆண்டிலேயே திட்டத்தைக் கைவிட்டார். அவர் வாழ்ந்த வீடு இங்கே திருமலைப் பிள்ளை சாலையில் இருக்கிறது. 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. பசியால் பிள்ளையை வேலைக்கு அனுப்பிய பெற்றோரை நல்லவரா கெட்டவரா என்று விசாரிக்காமல், பள்ளியில் சோறு போட்டார்கள். இந்தப் பகுதிக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் காலத்திலேயே, 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்திருக்கிறார்கள்.

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் விதியையும் கோட்பாட்டையும் பிரித்துக் காட்டுகிறார். விதி, இன்னதைச் செய் என்கிறது. செய்கிறவர் சிந்திக்க வேண்டியதில்லை. கோட்பாடு சிந்திக்க வைக்கிறது. அதனால் பொறுப்பையும் நம்மிடமே தருகிறது. இரவு 7 மணி என்பது விதி. அதை நடைமுறைப்படுத்த ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அந்தக் குழந்தைக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது கோட்பாடு. அதைக் கேட்டால், நகரின் நடுவிலிருந்து ஏழைகளை, அவர்களில் பெருந்தொகையாகத் தலித்துகளை, கண்ணகி நகருக்கு அனுப்பிவிட்டுப் பிழைப்பை மட்டும் இங்கேயே விட்டுவைத்த முடிவிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும்.

அன்று நான் 1098க்கு அழைக்கவில்லை. அடியோ காயமோ கண்டிருந்தால், வேறு யாரோ அவளை வேலை வாங்குவதாகத் தெரிந்திருந்தால், அழைத்திருப்பேன். நீங்களும் தயங்கக் கூடாது. ஆனால் அந்த இரவிலிருந்து நான் எழுதும் மனுக்கள் மாறிவிட்டன. அங்கன்வாடி ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. பள்ளி மாலையோடு முடிகிறது. அந்தத் தாயின் வியாபாரம் சூடுபிடிப்பதே அதற்குப் பிறகுதான். மாலை நான்கிலிருந்து இரவு பத்து வரை ஒன்பது வயதுப் பிள்ளை உட்கார்ந்து படிக்க, சாப்பிட, தூங்க, உஸ்மான் சாலைக்குப் பக்கத்தில் மாநகராட்சி ஓர் அறை தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துத் தாள் வாசலில் மேசை மேல் இருக்கிறது.