மியூவானுக்கு ஆயுசு எவ்வளவு பாஸ்?

உள்ளங்கையைக் கொஞ்சம் விரிச்சு வெச்சுக்கோங்க. இந்த வரியைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு, மூணு மியூவான் அதைத் துளைச்சுக்கிட்டுப் போயிருக்கும். வலிக்காது, பயப்படாதீங்க!

அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில், ஃபிஸிக்ஸ் மாணவர்கள் வழக்கமா மூணாவது வருஷம் எடுக்கிற கோர்ஸ் 'ஜூனியர் லேப்'. இந்த மியூவானோட ஆயுளை அளக்குறதும் அங்கே ஒரு எக்ஸ்பெரிமென்ட்.

காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது, சுமார் 15 கி.மீ. உயரத்தில் பிறக்குது மியூவான். எலெக்ட்ரானைவிட 207 மடங்கு கனமான அண்ணன். ஆயுசு? ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டா, அதில் சராசரியா 2.2 கூறு! அதுக்குள்ள ஒளி வேகத்தில் ஓடினாலும் 660 மீட்டர்தான் தாண்டும். அப்புறம் எப்படித் தரைக்கு வருது? ஐன்ஸ்டீன் தயவு! வேகமா ஓடுறவனோட கடிகாரம் நமக்கு மெதுவா ஓடும். இதை 1941-ல் அளந்து காட்டினாங்க ப்ரூனோ ரோஸியும் டேவிட் ஹாலும். ரோஸி பிறகு எம்.ஐ.டி-யிலேயே புரொஃபஸர் ஆனார்.

லேப்ல என்ன பண்ணணும்? சின்டிலேட்டருக்குள்ள மியூவான் வந்து நின்னா, ஒரு மின்னல். அது சிதைஞ்சு எலெக்ட்ரானைத் துப்பும்போது இன்னொரு மின்னல். ரெண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறிக்கணும். ஒண்ணு ரெண்டு இல்லை, ஆயிரக்கணக்குல! பத்தாயிரம் சேர்ந்தாத்தான் பிழை ஒரு சதவிகிதத்துக்கு இறங்கும். கிராஃப் போட்டா, சரியுற வளைவே ஆயுளைச் சொல்லிடும்.

இப்பதான் மேட்டரே! புத்தகத்துல இருக்கிற விடை 2.197. 'பேக் கால்குலேஷன்' போட்டு ரீடிங் சமைக்கிற மன்னர்கள் அதையே எழுதிட்டுப் போனா... மாட்டினாங்க! ஏன்னா, வர்ற மியூவான்களில் கிட்டத்தட்ட பாதி நெகட்டிவ். அதில் சிலதைச் சிதையுறதுக்கு முன்னாடியே சின்டிலேட்டரில் இருக்கிற கார்பன் அணுக்கரு விழுங்கிடும். அதனால ஒழுங்கா அளந்தா விடை 2.1 பக்கம்தான் வரணும். 'சரியான' விடைதான் இங்கே சந்தேகத்துக்குரியது!

ஜோடியா எக்ஸ்பெரிமென்ட் செஞ்சாலும், ஒவ்வொருத்தரும் தனியா நின்னு புரொஃபஸருக்கு விளக்கணும். பக்கத்து நோட்டு அங்கே கை கொடுக்காது.

அடுத்த பிராக்டிக்கல்ல உங்க ரீடிங் புத்தகத்தோட ஒத்துப்போகலையா? ரப்பரைத் தேடாதீங்க. வந்ததை வந்தபடியே எழுதிட்டு, 'ஏன் இப்படி வந்துச்சு?'னு யோசிங்க. எந்தக் கார்பன் எதை விழுங்குதோ, யார் கண்டா!