ஜெய்சல்மேர் போகிறவர்களே, ரசீது கேளுங்கள்!

ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்குப் போய்வந்தவர்கள் முதலில் படம் காட்டுகிறார்கள், பிறகு புலம்புகிறார்கள். ஒட்டகச் சவாரி பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. 'மணல்மேட்டு டென்ட்' என்றது சாலையோரத்தில் இருந்தது. சஃபாரி வேண்டாம் என்றதும் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ரசீது எங்கே என்றால் விழிக்கிறார்கள்.

ஊர் பார்க்க வேண்டிய ஊர்தான். ராவல் ஜெய்சல் 1156இல் கட்டிய கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பட்வா ஹவேலிகள், கடிசர் ஏரி, ஆளில்லாத குல்தாரா கிராமம், சுமார் 40 கி.மீ. தள்ளி சம் மணல்மேடுகள். அக்டோபர் முதல் மார்ச் வரை போனால் வெயிலைத் தாங்கலாம். தங்குவதைக் கோட்டைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர்க் கசிவால் கோட்டை பலவீனமாகிறது.

வழக்கமான வலை இது: இணையத்தில் நம்பமுடியாத மலிவு விலைக்கு அறை; போய் இறங்கியதும் 'எங்கள் சஃபாரிதான் எடுக்க வேண்டும்' என்ற நெருக்கடி. ரயில் நிலையத்தில் மொய்க்கும் தரகர்களும் இதே வலையின் நூல்கள்தான். தரகர் தொல்லையைத் தடுக்க ராஜஸ்தானில் 2010 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது.

எனவே பணம் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: நகரிலிருந்து போகவர வண்டி உண்டா, ஒட்டகத்தில் எவ்வளவு நேரம், ஜீப்புக்குத் தனிக் கட்டணமா, டென்ட் எந்த இடத்தில், சாப்பாடு சேர்த்தியா. பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்புங்கள், டிரைவரின் சொந்த எண்ணுக்கு அல்ல. ஜீப்பில் மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை பிளேட் சொந்த உபயோக வண்டி. மணலில் கவிழ்ந்தால் காப்பீடு கிடைப்பது சிக்கலாகிவிடும். திரும்பவும் சொல்கிறேன்: ரசீது வாங்குங்கள்.

மிரட்டினால் உடனே 112. சுற்றுலா உதவிக்கு 1363. கடிசர் சாலையில் ராஜஸ்தான் சுற்றுலாத் துறையின் வரவேற்பு மையம் உள்ளது. புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 'நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பப் பார்ப்பார்கள். முத்திரை விழும்வரை நகராதீர்கள்.

ஊர் திரும்பியபின் எல்லாம் போச்சு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். ஆனால் அது சமரச முயற்சி மட்டுமே. உத்தரவு போடும் அதிகாரம் அதற்கில்லை. பலனில்லை என்றால், நிறுவனத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். வழக்குப் போட ஜெய்சல்மேருக்கு ஓட வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், மதுரைக்காரர் மதுரையில். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம், முத்திரையிட்ட புகார் நகல் ஆகியவற்றை இணையுங்கள். கெடு 2 ஆண்டுகள். 1915இன் பதிலுக்குக் காத்திருக்கும் நாளும் அந்தக் கெடுவில்தான் கழியும்.

பாகிஸ்தான் எல்லைப் பக்கம் இன்னும் கவனம் தேவை. சுமார் 120 கி.மீ. தள்ளியுள்ள தனோட் மாதா கோவில்வரை இந்தியர்கள் தாராளமாகப் போகலாம். அதைத் தாண்டி எல்லைவரை செல்ல எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதியும் அசல் அடையாள அட்டையும் வேண்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ள உறவினர்கள் உடன் வந்தால், தனோட், எல்லைப் பகுதியிலுள்ள லோங்கேவாலா ஆகிய இடங்களுக்குச் செல்ல ஜெய்சல்மேர் மாவட்ட ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்னும் டிரைவரை நம்பாதீர்கள். சோதனைச் சாவடியில் விசாரணைக்கு உள்ளாவது அவரல்ல, உங்கள் உறவினர். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஊரிலேயே விமானப்படைத் தளம் இருக்கிறது. கல்யாணப் படப்பிடிப்பு என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

கடைசியாக ஒருமுறை: பணம் நீட்டும் முன் ரசீது கேளுங்கள். முகம் சுளிப்பவரிடம் பேரம் பேசாமல் அடுத்த டென்ட்டுக்குப் போங்கள். சம்மில் டென்ட்டுக்கா பஞ்சம்?