தெரிந்த வைத்தியர் ஒருவர்

இலங்கையின் யட்டியாந்தோட்டையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவமே கிடைப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம், கரவனல்லையில் ஆதார வைத்தியசாலை உண்டு, தோட்டத்து டிஸ்பென்சரியும் உண்டு. கிடைக்காதது, சென்ற மாதம் கொடுத்த மருந்து என்ன செய்தது என்று இந்த மாதம் கேட்கக்கூடிய, நோயாளியை முன்பே அறிந்த ஒரு வைத்தியர். மருத்துவத் துறையினர் தொடர் கவனிப்பு என்று குறிப்பிடுவது இதையே.

தோட்ட மருத்துவம் உழைப்பைக் காப்பதற்காகவே தோன்றியது. தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக்கிய 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வேலை செய்பவரையே கண்முன் வைத்தது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றபோதும் அந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை. டிஸ்பென்சரியில் இருக்கும் தோட்ட மருத்துவ உதவியாளர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர் எனினும், தொழிலாளர் வசிக்கும் லயத்தில் யாருக்கு என்ன நோய் என்பதை அறிந்திருப்பவர் பெரும்பாலும் அவரே. பட்டம் பெற்ற வைத்தியரோ நகரத்தில் இருக்கிறார். இடமாற்றம் வந்தால் போய்விடுகிறார். நோயாளியின் வரலாறு கிளினிக் கொப்பியின் சில வரிகளில் மட்டுமே எஞ்சுகிறது.

அந்தச் சில வரிகள் போதாமற் போவது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆண்டுக்கணக்கில் மலைச்சரிவில் ஏறி இறங்கிய முழங்கால்களின் வலிக்காக வாங்கி விழுங்கப்படும் சிலவகை வலிநிவாரணிகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தவும் சிறுநீரகத்தைப் பாதிக்கவும் கூடியவை. நோயாளி இவற்றை விழுங்குவதை அறியாத புதிய வைத்தியர், அழுத்தம் உயர்ந்திருப்பதைக் கண்டு அதற்குரிய மருந்தின் அளவைக் கூட்டுவார். மருந்தின் விளைவு நோயாகக் கருதப்பட்டு, அதன்மேல் இன்னொரு மருந்து சேர்கிறது. வைத்தியருக்குத் தமிழும் நோயாளிக்குச் சிங்களமும் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது; சிறுநீர் அடங்காமை போன்ற துன்பங்களை எந்தப் பாட்டி பேரனின் வாய்வழியாகச் சொல்வார்?

இந்தக் குறை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமான கிளின்கோரூக்கில் நெடுங்காலம் பணியாற்றிய வைத்தியர் ஜூலியன் ரியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படும் மக்களுக்கே அது மிகக் குறைவாகக் கிட்டுகிறது என்பதை 1971இல் ஒரு விதியாக வகுத்துரைத்தார். ஒரே கிராமத்தில் தங்கி, நோய் என்று வராதவர்களின் இரத்த அழுத்தத்தையும் அளந்து பின்தொடர்ந்தவர் அவர். நோர்வேயில் சுமார் 45 இலட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வில், ஒரே குடும்ப வைத்தியரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களிடையே இறப்பு, ஓராண்டுத் தொடர்பே உடையவர்களைவிட ஏறத்தாழ 25 வீதம் குறைவாக இருந்தது. பழக்கம் என்பது வெறும் ஆறுதல் அன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

குடும்ப வைத்தியரை மையமாகக் கொண்ட ஆரம்ப சுகாதார சேவையை நோக்கி இலங்கை அரசு 2018இல் கொள்கை வகுத்துள்ளது. அந்தச் சேவையின் பதிவேடுகளில் தோட்டத்து முதியோரின் பெயர்கள் முதலில் எழுதப்பட வேண்டும். தமிழ் அறிந்த வைத்தியர் அங்கு சில ஆண்டுகளாவது நிலைத்திருக்க வேண்டும். அதுவரை, முதியவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகள் கொப்பியோடு, டிஸ்பென்சரியிலும் பார்மசியிலும் வாங்கிய மாத்திரைகள் அனைத்தையும் கொண்டுபோய் வைத்தியரின் மேசைமேல் வைக்கட்டும்.